கொள்வினை கொடுப்பினை இல்லாத வலைகள்

1990-களின் பிற்பகுதியில் கணினியில் தமிழ் எழுதப் பழகியவர்களுக்கு அந்த விநோதமான அனுபவம் மறந்திருக்காது. சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருந்த நண்பர் கண்விழித்துத் தட்டி அனுப்பிய கடிதத்தைச் சென்னையில் ஒருவர் ஆவலோடு திறந்தால், தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் திரையில் வரிசை வரிசையாக நிற்கும்; நடுநடுவே வெற்றுக் கட்டங்கள் பல்லிளிக்கும். கடிதத்தில் பிழை ஒன்றும் இல்லை. அனுப்பியவரின் எழுத்துருவில் அகரம் குடியிருந்த எண்ணில், பெற்றவரின் எழுத்துருவில் வேறொன்று குடியிருந்தது, அவ்வளவே. கடிதத்தோடு எழுத்துருக் கோப்பையும் சேர்த்து அனுப்புவது அக்காலத்தில் ஒரு மரியாதையாகவே கருதப்பட்டது. ஒருங்குறியில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், பல தேசங்களில் வாழ்ந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே வாதாடி அமைத்துக்கொண்ட திஸ்கி என்னும் குறியீடு ஒருபுறமும், 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் விளைவாக வந்த டாப், டாம் என்பவை மறுபுறமும், இதழ்களும் வியாபாரிகளும் தமக்கென்று வைத்துக்கொண்ட தனிக் குறியீடுகள் எல்லாப் புறமுமாக, ஒரே மொழி பேசும் ஜனங்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்க முடியாத விபரீதம் பல வருஷங்கள் நீடித்தது. 2010 ஜூன் மாதத்தில் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டபோது, பொதுமக்களில் பெரும்பாலோர் தம் வழக்கத்தாலேயே அந்தச் சண்டையை முடித்துவைத்திருந்தனர்.

வெவ்வேறு கைகளில் உள்ள இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் தன்மைக்குக் கலைச்சொல் அகராதிக்காரர்கள் 'இடையியங்குதன்மை' என்று ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள். பிழையற்ற சொல்தான், ஆனால் நாவில் புரள மறுக்கிறது. நம் ஊர்ப்புறத்தில் இதற்கு நெருங்கிய ஒரு வழக்கு உண்டு: கொள்வினை கொடுப்பினை. இரண்டு குடும்பங்களுக்குள் செல்வத்திலும் சமையலிலும் குலதெய்வத்திலும் எத்தனை பேதம் இருந்தாலும், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சம்பந்தம் இருக்குமானால் ஒன்றின் வாசல் மற்றொன்றுக்குத் திறந்தே இருக்கும். அதற்காக இரண்டும் ஒரே வீடாகிவிட வேண்டியதில்லை. இந்த வழக்கின் நிழலில் ஜாதியின் எல்லைக்கோடும் கிடக்கிறது என்பதை நான் மறந்துவிடவில்லை. மறக்காமல் இருப்பதற்காகவே இச்சொல்லைத் தேர்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். யாரோடு கொள்வினை உண்டு, யாரோடு இல்லை என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருடையது என்ற கேள்விதான், இணையத்தில் ஜனநாயகத்துக்கு உகந்த பொதுவெளி அமையுமா என்ற விசாரத்தின் அடியில் கிடப்பது. இயந்திர விஷயம் அதில் சிறு பங்குதான்.

இக்கேள்வி புதிதன்று. 1874 அக்டோபரில் ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 22 நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட தபால் உடன்படிக்கைக்கு முன்பு, வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுவது ஒரு கணக்குப் பரீட்சையாக இருந்தது. எந்த வழியாகப் போகிறது, எந்த நாட்டோடு எந்த நாட்டுக்கு ஒப்பந்தம் உண்டு என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். ஜெர்மானியத் தபால் அதிகாரி ஹைன்ரிக் ஃபான் ஸ்டெஃபான் முன்னின்று நடத்திய அந்த மாநாடு, உறுப்பு நாடுகள் அனைத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஒரே பிரதேசம் என்று வகுத்தது. 1876-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: ஒவ்வொரு நாடும் தான் வசூலித்த தபால் கட்டணத்தை முழுவதும் தானே வைத்துக்கொள்ளலாம், கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நாட்டுக்குப் பங்கு தரவேண்டியதில்லை. போகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதில் திரும்பி வரும், ஆகவே கணக்கு தானே நேராகிவிடும் என்பது அவர்களுடைய அனுமானம். மனித சுபாவத்தைப் பற்றி இவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட சர்க்கார் தஸ்தாவேஜு வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

தபாலுக்கு வாய்த்த நல்லூழ் தொலைபேசிக்கு வாய்க்கவில்லை. அமெரிக்காவில் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் மூலக் காப்புரிமைகள் 1893-லும் 1894-லும் காலாவதியானவுடன், ஊருக்கு ஊர் சுயேச்சைக் கம்பெனிகள் முளைத்தன. பெல் கம்பெனியோ அவற்றைத் தன் கம்பிகளோடு இணைக்க மறுத்தது. விளைவாக, பல நகரங்களில் டாக்டர்களும் கடைக்காரர்களும் தம் மேஜைமேல் இரண்டு தொலைபேசிகளை வைத்துக்கொண்டு, இரண்டு சந்தாக் கட்ட நேர்ந்தது. எந்த வாடிக்கையாளர் எந்தக் கம்பியில் இருக்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம்! 1913 டிசம்பரில், ஏகபோகத் தடைச் சட்டத்தின் வழக்குக்கு அஞ்சி, அக்கம்பெனி அரசாங்கத்துக்கு ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தது. கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரால் அது கிங்ஸ்பரி உறுதிமொழி எனப்படுகிறது. சுயேச்சைக் கம்பெனிகள் பெல்லின் நெடுந்தூரக் கம்பிகளைப் பயன்படுத்த அதில் வழி பிறந்தது. ஒரே ஊருக்குள் போட்டியிட்ட இரண்டு வலைகளை இணைக்கும் கடமை மட்டும் அதில் இடம்பெறவில்லை. காலப்போக்கில் போட்டி ஓய்ந்து, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஏகபோகமே நிலைத்தது. கதவைத் திற என்று சொல்கிறவர்கள், எந்தக் கதவை, எவ்வளவு அகலம் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

இன்று அந்த இரண்டு தொலைபேசிகளும் நம் சட்டைப்பைக்குள் ஒரே கருவியில் மூன்று நான்கு செயலிகளாகக் குடியேறிவிட்டன. எங்கள் தெருமுனைத் தேநீர்க்கடையில் பால் சட்டிக்குப் பின்னால், நீராவி பட்டு ஓரம் சுருண்ட அட்டை ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒரு கம்பெனியுடையது. வந்து நிற்கிறவர் தன் பேசியில் வேறொரு கம்பெனியின் செயலியைத் திறந்து அதன்மீது காட்டுகிறார். அவருடைய கணக்கு ஒரு வங்கியில், கடைக்காரருடையது மற்றொரு வங்கியில். பன்னிரண்டு ரூபாய் ஒரு நொடியில் போய்ச் சேர்கிறது. அதே மனிதர் அதே பேசியிலிருந்து, ஒரு செய்திச் செயலியில் 'நாளை வருகிறேன்' என்று எழுதி, வேறொரு செயலியில் மட்டும் இருக்கும் தன் தம்பிக்கு அனுப்ப முடியாது. பணத்தை அனுப்புவதைவிட இரண்டு வார்த்தையை அனுப்புவது கடினமான காரியமா என்ன? பணத்துக்கு, 2016-இல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் யூபிஐ என்னும் பொது விதியை வகுத்து, உள்ளே வருகிற எவரும் எல்லோரோடும் கொள்வினை வைத்துக்கொண்டே ஆகவேண்டும் என்று கட்டளையிட்டது. வார்த்தைக்கு அப்படிக் கட்டளையிடுவார் இல்லை. யூபிஐயில் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நான் சொல்லமாட்டேன். இரண்டே செயலிகள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குப் பரிவர்த்தனைகளைத் தம் வழியாக இழுத்துக்கொண்டன, ஒரு செயலிக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2020-இல் அறிவித்த வரம்பும் தவணை தவணையாகத் தள்ளிப்போகிறது. ஆனால் அவ்விரண்டில் ஒன்றை வெறுத்து மூன்றாவதுக்குப் போகிறவன், தேநீர்க்கடையை இழப்பதில்லை.

இழப்பு என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன், எங்கள் குடும்பத்தார் கூடியிருக்கும் ஒரு செய்திச் செயலியின் நிபந்தனைகள் மாறின. என் மைத்துனர் அதைப் படித்து ஆத்திரமடைந்து, எல்லோரும் வேறொன்றுக்குக் குடிபெயர வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிக்கை விட்டார். 31 பேர் கொண்ட குழுவிலிருந்து அவரோடு சென்றவர்கள் நான்கு பேர். அத்தை மட்டும் அவரைத் தொலைபேசியில் அழைத்து, "மாப்பிள்ளை, அதுல கல்யாணப் பத்திரிகை வருமா?" என்று கேட்டார். மைத்துனரிடம் பதில் இல்லை. மூன்றாவது வாரம், தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற செய்தியும் பள்ளிக்கூட விடுமுறைச் செய்தியும் பழைய இடத்திலேயே வருவதைக் கண்டு, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிவிட்டார். அந்த நிபந்தனைகளை நாங்கள் சம்மதித்து ஏற்றதாக எங்கேயோ ஒரு பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலில், சீர்கெட்டுவரும் ஒரு ஸ்தாபனத்தின்முன் மனிதனுக்கு உள்ள வழிகளை ஆராய்ந்து, வெளியேறுவது ஒன்று, குரல் எழுப்புவது மற்றொன்று என்று பிரித்தார். வெளியேறக்கூடும் என்ற சாத்தியம் பின்னால் நிற்கும்போதுதான் குரலுக்குக் கனம் சேரும் என்பதும் அவர் காட்டிய உண்மை. சமூக வலைத்தளங்களில் குரல் எழுப்பும் உரிமை பற்றி நாம் ஓயாமல் விவாதிக்கிறோம்: எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது, யாருடைய கணக்கை முடக்கினார்கள் என்றெல்லாம். அந்த விவாதங்கள் அனைத்தும் வீட்டுக்காரனின் நல்ல குணத்தைப் பற்றிய விவாதங்களே. குடித்தனக்காரன் தன் உறவையும் சிநேகத்தையும் சட்டிப் பானையோடு தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக முடியுமா என்பது அதைவிட அடிப்படையான கேள்வி. போக முடிந்தால் வீட்டுக்காரனின் குணம் தானாகவே சற்றுத் திருந்தும்.

போக முடிந்த காலம் ஒன்றும் இருந்தது. 1999-இல் ஜெரமி மில்லர் தொடங்கிய ஜாபர் என்னும் திட்டத்திலிருந்து, எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறை வளர்ந்தது. மின்னஞ்சலைப் போலவே, எந்த வழங்கியில் இருப்பவரும் எந்த வழங்கியில் இருப்பவரோடும் உடனுக்குடன் உரையாட அது இடம் தந்தது. கூகிள் 2005 ஆகஸ்டில் தன் 'டாக்' சேவையை அந்நெறியின்மீதே கட்டி, 2006 ஜனவரியில் பிற வழங்கிகளோடு கொள்வினையையும் தொடங்கியபோது, சுதந்திர மென்பொருள் அன்பர்கள் கொண்டாடினார்கள். ஏழு ஆண்டுகளில் பெரிய வீட்டின் கூடத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். 2013-இல் கூகிள் 'ஹேங்அவுட்ஸ்' என்ற புதுக் கட்டடத்துக்கு மாறி, பழைய வாசலைச் சாத்தலாயிற்று. அந்த முடிவு மற்ற வழங்கிகளில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு நாள் நண்பரின் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி அணைந்தது, மறுநாளும் எரியவில்லை. அவர் எங்கும் போய்விடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, இவர் ஏன் பேசுவதில்லை என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

திறந்த நெறிமுறை ஒன்று இருந்தாலே போதும், ஜனநாயகம் தானே விளையும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த வரலாறு கசப்பானது. தன் இஷ்டத்தால் திறந்தவர் தன் இஷ்டத்தால் மூடவும் வல்லவர். 2023-இல் மெட்டா கம்பெனி 'த்ரெட்ஸ்' என்ற தளத்தைத் தொடங்கி, அதைத் திறந்த வலையோடு இணைக்கப்போவதாகச் சொன்னபோது, சிறு வழங்கிகளை நடத்துவோர் பலர் மகிழ்ச்சியடையாமல், வருவதற்கு முன்பே வாசலை அடைக்கப்போவதாகப் பிரகடனம் செய்ததற்குக் காரணம் 2013-இன் ஞாபகமே.

அந்தத் திறந்த வலையைத்தான் இப்போது கொஞ்சம் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். 2016-இல் ஜெர்மனியில் வாழ்ந்த இளைஞரான யூஜென் ரோச்கோ வெளியிட்ட மாஸ்டடான் மென்பொருளும், 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் நெறிமுறையும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான தனி வழங்கிகள் ஒன்றோடொன்று கொள்வினை வைத்துக்கொள்ளும் ஒரு கூட்டரசை உண்டாக்கியிருக்கின்றன. 2022 அக்டோபர் 27 அன்று ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கிமுடித்த பிறகு, லட்சக்கணக்கானோர் அங்கே குடிபெயர்ந்தனர். அப்போது நடந்த ஒரு சிறு சம்பவம் பெரிய சித்தாந்தங்களைவிட அதிகம் விளக்கும். டிசம்பர் 18 அன்று, மாஸ்டடான், ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் முதலிய பிற தளங்களில் உள்ள தம் முகவரியைப் பயனர்கள் விளம்பரப்படுத்துவதைத் தடை செய்து ட்விட்டர் ஒரு விதி வெளியிட்டது. வீடு மாறுகிறவன் பழைய கதவில் புது விலாசத்தை ஒட்டிவைப்பதுகூடக் குற்றம் என்று ஆயிற்று. எதிர்ப்பு கிளம்பியதால் ஓரிரு நாளில் அவ்விதி மறைந்துவிட்டது. ஆனாலும் தெருவின் சொந்தக்காரர் யார் என்பது அந்த ஓரிரு நாளில் வெளிப்பட்டது.

மாஸ்டடானில் வீடு மாறுவது எப்படி? பழைய கணக்கில் புது முகவரியைக் குறித்துவிட்டால், பின்தொடர்வோர் அனைவரும் அவர்கள் அறியாமலே புது முகவரிக்கு நகர்த்தப்படுகிறார்கள். பழைய கணக்கின்மேல், இவர் குடிபெயர்ந்துவிட்டார் என்ற குறிப்புத் தங்கிவிடுகிறது. உறவு கூடவே வருகிறது, எழுதியவை வருவதில்லை. பத்து வருஷ எழுத்து பழைய வீட்டின் சுவரிலேயே இருந்து, அந்த வழங்கி மூடப்படும் நாளில் அதோடு மறையும். ஒவ்வொரு வழங்கியும் ஒரு சிற்றரசு. அதை நடத்துகிறவர் நல்லவராக இருக்கலாம், சலித்துப்போனவராகவும் இருக்கலாம். பால்புதுமையினர் பலர் கூடியிருந்த க்வியர் டாட் ஏஎஃப் என்ற வழங்கியின் முகவரியில் இறுதியாக நின்ற இரண்டெழுத்து ஆப்கானிஸ்தானுக்கு உரியது. 2024 பிப்ரவரியில் தாலிபான் ஆட்சி அப்பெயரைப் பறித்துக்கொண்டதும், எங்கோ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்களின் முகவரி ஒரே நாளில் செல்லாக்காசாயிற்று. கூட்டரசு என்றாலும், பெயர்ப்பலகை எழுதும் உரிமை வேறு யாருடைய கையிலோ இருக்கிறது.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கு மிகவும் பரிச்சயமானது. 2019-இல் தீவிர வலதுசாரிகள் திரண்டிருந்த 'காப்' என்ற தளம், மாஸ்டடான் மென்பொருளையே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டு கூட்டரசுக்குள் நுழைய முயன்றது. மென்பொருள் எவருக்கும் உரியது, தடுக்கச் சட்டமில்லை. ஆனால் வழங்கிகளில் பெரும்பாலானவை தத்தம் வாசலை அதற்கு அடைத்துவிட்டன. மென்பொருள் கையில் இருந்தும் பேச ஆளில்லாமல் அது தனித்து நின்றது. இதைச் செய்தி எழுதியவர்கள் கூட்டரசின் வெற்றி என்று வர்ணித்தார்கள். நானும் அந்த முடிவை நியாயம் என்றே கருதுகிறேன். எனினும் அதைப் படித்தபோது என் மனத்தில் முதலில் எழுந்த சொல் ஊர்விலக்கு. தீயும் தண்ணீரும் மறுக்கும் அந்தத் தண்டனை நம் கிராமங்களில் எவர்மீது பிரயோகிக்கப்பட்டு வந்தது என்பதை அறிந்தவன், விலக்கும் அதிகாரத்தைக் கண்டு உடனே கைதட்டிவிட முடியாது. காப் தளத்தை விலக்கிய அதே பொத்தான், நிர்வாகிக்குப் பிடிக்காத ஒரு சிறு வழங்கியையும், அங்கிருப்பவர் எவரையும் கேளாமல், விலக்கும். பெரும்பாலான வழங்கிகளில் இதற்கு விசாரணையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. சோஷியல் டாட் கூப் என்ற வழங்கி மட்டும் என் கவனத்தை ஈர்த்தது. அது ஒரு கூட்டுறவுச் சங்கத்தைப்போல, உறுப்பினர்கள் சந்தா கட்டி, யாரை விலக்குவது, எந்த விதியை மாற்றுவது என்பவற்றைத் தாமே விவாதித்து வாக்களித்து நடத்துவது. அந்த விவாதங்கள் சில சமயம் நம் கூட்டுறவு வங்கிகளின் வருடாந்திரக் கூட்டத்தைப்போலவே சலிப்பூட்டும் என்று சொல்லத்தான் வேண்டும்; ஆனால் சலிப்பில்லாத ஜனநாயகத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

இஷ்டத்தால் திறக்கும் கதவு நிலைக்காது என்றால், நிர்ப்பந்தத்தால் திறப்பதுதானே மிச்சம்? ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் நிறைவேற்றிய டிஜிட்டல் சந்தைகள் சட்டம் அதைத்தான் முயல்கிறது. 2023 செப்டம்பர் 6 அன்று ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ், மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஆகிய ஆறு கம்பெனிகளை அது வாயில்காப்போர் என்று பெயரிட்டது. சட்டத்தின் ஏழாவது ஷரத்துப்படி, வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும், கேட்கின்ற பிற செயலிகளோடு கொள்வினை வைத்துக்கொள்ள வேண்டும். செய்தியின் மறையாக்கப் பாதுகாப்புக் குறையக் கூடாது. முதலில் இருவருக்கிடையிலான செய்திகள், இரண்டு ஆண்டில் குழு உரையாடல், நான்கு ஆண்டில் குரல், காணொளி அழைப்புகள் என்பது கிரமம். அத்தையின் கல்யாணப் பத்திரிகை இரண்டாம் தவணையில் வருகிறது! நடைமுறையில் பெரும் கூட்டம் ஒன்றும் வாசலில் வந்து நிற்கவில்லை. சிக்னல் போன்ற செயலிகள், தம் பயனர்களின் அந்தரங்கத்துக்குத் தாம் தரும் காவலை இன்னொருவர் வீட்டில் உறுதிசெய்ய இயலாது என்று சொல்லி விலகிக்கொண்டன. அந்த ஆக்ஷேபணையை லேசாகத் தள்ளிவிட முடியாது; சம்பந்தம் செய்தால் சம்பந்தி வீட்டுக் குறையும் நமக்கு வந்து சேரும். 2025 நவம்பரில் வாட்ஸ்அப் ஐரோப்பாவில் முதன்முதலாக இணைப்பதாக அறிவித்தது பேர்டிசாட், ஹைக்கெட் என்னும் இரண்டு சிறு செயலிகளை.

இதைவிட முக்கியமான குறை சட்டத்தின் எல்லையில் இருக்கிறது. ஐரோப்பிய நாடாளுமன்றம் முதலில் கேட்டது, செய்திச் செயலிகளுக்கு மட்டுமல்லாமல் சமூக வலைத்தளங்களுக்கும் இக்கடமை பொருந்த வேண்டும் என்பதே. 2022 மார்ச்சில் உறுப்பு நாடுகளோடு நடந்த பேரத்தில் சமூக வலைத்தளங்கள் கழன்று, பின்னொரு காலத்தில் பரிசீலிக்கலாம் என்ற வாக்கியமாகச் சுருங்கின. ஆகவே தனி மனிதர்கள் அந்தரங்கமாகப் பேசிக்கொள்ளும் அறைக்குக் கதவு வைக்கச் சட்டம் வந்துவிட்டது. நூறுபேர் முன்னிலையில் அபிப்பிராயம் சொல்லும் கூடத்துக்கு இன்னும் வரவில்லை. அறையில் நடப்பது உரையாடல், கூடத்தில் நடப்பது அரசியல். பேரத்தில் எது விட்டுக்கொடுக்கப்பட்டது என்பதைக் கவனித்தால், கம்பெனிகளுக்கு எது உயிர்நிலை என்பது விளங்கும்.

ஒரு வெளி எப்போது பொதுவாகிறது என்பதற்கு நம் வரலாற்றிலேயே பாடம் உண்டு. 1924 மார்ச்சில் தொடங்கிய வைக்கம் சத்தியாக்கிரகத்தின் கோரிக்கை, ஆலயப் பிரவேசம் அன்று. ஆலயத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட ஜாதியாரும் நடக்கும் உரிமை. அத்தெருக்கள் முன்பே போடப்பட்டு, செலவும் பொதுப்பணத்திலிருந்து ஆகியிருந்தது. கல்லும் மண்ணும் கொட்டியதால் அவை பொதுத்தெருக்கள் ஆகிவிடவில்லை. மறிப்பவனின் உரிமை மறுக்கப்பட்ட பிறகே ஆயின. பெரியார் இருமுறை சிறை சென்றதும் அந்த மறிக்கும் உரிமையை எதிர்த்தே. இணையத்தில் பொதுவெளி கட்டப்போவதாகச் சொல்லும் பொறியாளர்கள் பெரும்பாலும் கல்லையும் மண்ணையும் பற்றிப் பேசுகிறார்கள்.

மறிக்கும் உரிமையை மறுத்த பின்னும், தெருவைக் கூட்ட ஓர் ஆள் வேண்டும். 2022 ஏப்ரலில், ஐரோப்பிய தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளரின் அலுவலகம், ஒன்றியத்தின் ஸ்தாபனங்கள் தனியார் தளத்தைச் சாராமல் பிரஜைகளோடு பேசட்டும் என்ற உத்தேசத்தோடு 'ஈயூ வாய்ஸ்' என்ற பெயரில் ஒரு மாஸ்டடான் வழங்கியைப் பரீட்சார்த்தமாகத் திறந்தது. கணக்குகள் தொடங்கப்பட்டன, பின்தொடர்வோர் சேர்ந்தனர். பரீட்சைக் காலம் முடிந்ததும் அதை ஏற்று நடத்த வேறொரு ஐரோப்பிய ஸ்தாபனத்தைத் தேடினார்கள், எதுவும் முன்வரவில்லை. ஆறு வாயில்காப்போருக்குக் கட்டாயக் கடமை விதித்த அதே ஒன்றியத்தில், அக்கடமை அமலுக்கு வந்த மூன்று மாதங்களுக்குள், 2024 மே மாதத்தில், அந்த வழங்கி மூடப்பட்டது.